இருட்டறையில் மினுங்கிய ஆலோசகர்

கௌரவமான மனிதன் பொய் சொல்வதில்லை. கையிலிருக்கும் உண்மை உடம்புக்குப் போதாமல் போனால், அதைச் சற்று நீட்டித் தைத்து அணிந்துகொள்கிறான், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் இரசாயனவியல் கற்பித்து, துணை அதிபராக ஓய்வுபெற்று, மகளின் அழைப்பில் மொன்றியலுக்குக் குடிபெயர்ந்த நான் இந்தத் தையற் கலையில் கைதேர்ந்தவன். இதைப் பிறர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது மேல். பிறர் சொல்லும்போது, அன்று நான் சட்டையே போட்டிருக்கவில்லை என்று சேர்த்துவிடுகிறார்கள். அது அப்பட்டமான தவறு. சட்டை போட்டிருந்தேன். பொத்தான்கள்தான் பூட்டப்பட்டிருக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் நுரையீரல்கள் என்னோடு ஒத்துழைக்க மறுத்தன. மெட்ரோப் படிகளில் ஏறும்போது, பாதிவழியில் நின்று சுவரிலுள்ள விளம்பரங்களை ஆழ்ந்து வாசிக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. (பிரெஞ்சு கற்கிறேன் என்று உடன் வருபவர்களிடம் சொல்லிவைத்திருந்தேன்.) மருத்துவர் அதை நாட்பட்ட சுவாசத் தடை நோயின் ஆரம்ப நிலை என்றார். பல்லாண்டு காலம் சுண்ணாம்புக் கட்டித் தூளையும் ஆய்வுகூட ஆவிகளையும் சுவாசித்ததன் விளைவு இது என்று நான் வீட்டில் அறிவித்தேன்.

"சோக்குத் தூளோ?" என்றாள் என் மனைவி பூமணி. "அப்ப ஆய்வுகூடத்துக்குப் பின்னால நிண்டு சிகரெட் பத்தினது ஆர்?"

எங்கள் மகள் சுகந்தி ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் கட்டடத்தில் விஞ்ஞானி. குறைகடத்தி நுண்படிகங்கள் அவளது துறை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய அந்தப் படிகங்கள் புற ஊதா ஒளி பட்டால் நிறம் நிறமாக மினுங்கும். பொருள் ஒன்றேதான், படிகம் சிறிதாக இருந்தால் நீலம், சற்றுப் பெருத்தால் பச்சை, மேலும் பெருத்தால் சிவப்பு. அதே மாடியில், அதே நடைவழியின் மறுகோடியில், மூச்சுத் திணறலை அக்குபங்சர் ஊசி தணிக்குமா என்று ஆராயும் வேறொரு குழு இருந்தது. அவர்களுக்கு நோயுள்ள தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். சுகந்தி என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

அந்த ஆய்வின் அமைப்பு என்னை மிகவும் கவர்ந்தது. பாதிப்பேருக்கு உண்மையான ஊசி. மீதிப்பேருக்குத் தோலைத் தொட்டு நிற்கும், ஆனால் குத்தாத, மொட்டை ஊசி. இரண்டும் ஒரு சிறு வளையத்தில் ஒட்டப்பட்டு ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்கும். எவருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். ஒரேயொரு நிபந்தனை: ஆய்வு முடியும்வரை மருத்துவர் தந்த மருந்தைத் தவிர வேறு எந்தத் தைலமோ பூச்சோ கைவைத்தியமோ கூடாது. நான் பலமாகத் தலையசைத்தேன். ஒரு பரிசோதனையில் ஒன்றை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாமல் வைத்திருக்க வேண்டும் என்று ஊரிலுள்ள பாதி வைத்தியர்களுக்கும் அவர்களின் சிறு வயதில் கற்பித்தவன் நான்.

அந்தக் கொள்கை எங்கள் சமையலறையைத் தாண்டவில்லை. முதல் நாள் காலையிலேயே பூமணி தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பூமணி, ஒண்டும் பூசக் கூடாதெண்டு சொல்லிப்போட்டினம். இது விஞ்ஞானம்."

"ஊசி குத்திறவை தங்கட வேலையைச் செய்யட்டும். நான் என்ர வேலையைச் செய்யிறன்."

"இது மருந்து எல்லோ?"

"மஞ்சளை ஆர் மருந்தெண்டு சொன்னது? மீனுக்கும்தானே போடுறம். பேசாமல் பெனியனைத் தூக்குங்கோ."

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று நான் தேடவில்லை. உண்மையில், முந்திய வாரம் அவள் பூசிய இரவுகளில் இருமல் குறைந்திருந்தது. நான் பெனியனைத் தூக்கினேன்.

ஊசி போடும் எலோடி என்ற இளம்பெண் என் நெஞ்சைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். இந்த மஞ்சள் நிறம் என்ன என்று மிகப் பணிவாக விசாரித்தாள். நான் மோவாயை உயர்த்தி, "மத அனுஷ்டானம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மொன்றியலில் அந்தச் சொல்லுக்குப் பிறகு எவரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. கேட்டால் பேச்சு எங்கே போய் முடியும் என்று எவருக்கும் தெரியாது. எலோடி மன்னிப்புக் கோரினாள். என் சமயத்துக்கு ஊறு நேராவண்ணம், ஊசி நிற்கவேண்டிய இடங்களை மட்டும் மதுசாரப் பஞ்சால் சின்னஞ்சிறு வட்டங்களாகத் துடைத்து, அவ்வட்டங்களின் நடுவே ஊசிகளை நட்டாள். இவ்வாறு வியாழன்தோறும் நடந்துவந்தது.

இனி நான் தைத்த சட்டைக்கு வருகிறேன்.

ஒரு வியாழக்கிழமை, ஆற்றுக்கு அப்பால் நாங்கள் வசிக்கும் லொங்குய்யிலிருந்து புறப்படும் மெட்ரோவின் மஞ்சள் பாதை ரயிலில், சிவபாதம் எனக்கு எதிரே வந்து அமர்ந்தார். ஊரில் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்தவர். நகரின் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியிலுள்ள எங்கள் மூத்தோர் சங்கத்தில் எனக்கு ஒரே போட்டியாளர். தலைவர் பதவி காலியாகியிருந்த நேரம் அது. அவருடைய பெயரும் என்னுடைய பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தன. தம் பற்களில் ஒன்றுகூட இன்னும் விழவில்லை என்பதைச் சங்கத்தில் மாதம் ஒரு முறையாவது நினைவூட்டும் வழக்கம் அவருக்கு உண்டு. ஒரு தலைவனுக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும்.

"என்ன மாஸ்டர், டையும் கட்டிக்கொண்டு எங்க வெளிக்கிட்டாச்சு?"

"பல்கலைக்கழகத்துக்கு. ஒரு ஆராய்ச்சி." இதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை.

"ஆராய்ச்சியோ! என்னத்தைப் பற்றி?"

என் நுரையீரலைப் பற்றி என்று சொன்னால், தலைவர் பதவி அடுத்த நிலையத்தில் இறங்கிப் போய்விடும். மூச்சு வாங்குகிறவனை எவர் தலைவராக்குவார்? "குறைகடத்தி நுண்படிகங்கள்" என்றேன்.

"அதில நீங்கள் என்னவா இருக்கிறீங்கள்?"

"ஒரு மாதிரி... ஆலோசகர் எண்டு சொல்லலாம்." (நேரத்துக்குச் சாப்பிடு என்று சுகந்திக்குப் பலமுறை ஆலோசனை கூறியிருக்கிறேன்.)

ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் சிவபாதம் எழுந்தார். எங்கள் மத்தியில் இப்படியொரு மேதை இருக்கையில் நாங்கள் அறியாமல் இருப்பது தகுமா என்று கேட்டார். தலைவர் தெரிவுக்கு முன் எல்லோரும் மாஸ்டரின் ஆய்வுகூடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பிரேரித்தார். ஒரு பல்லும் குறையாமல் சிரித்தார். கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன், வேறென்ன செய்வது?

வீட்டில் சுகந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஆலோசகரோ, அப்பா?"

"அது ஒரு மரியாதைப் பேச்சு, பிள்ளை."

"சரி, கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆனால் ஒண்டையும் தொடாதேங்கோ. ஒண்டையும் விளங்கப்படுத்தாதேங்கோ."

அவளுடைய இருட்டறை ஓய்வாக இருந்த ஒரே நேரம் வியாழன் முற்பகல் பதினொரு மணி. எனக்கு ஊசி ஒன்பதரைக்கு. ஊசியை முடித்து, முகம் கழுவி, கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, நடைவழியின் மறுகோடிக்கு மிடுக்காக நடந்துபோய் விருந்தினரை வரவேற்கத் தாராளமாக நேரம் இருந்தது.

அன்று மஞ்சள் பாதை ரயில் நின்றுபோயிற்று. நான் வழக்கம்போல் முன்கூட்டியே வந்துவிட்டேன். எலோடிதான் ஆற்றுக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்டாள். அவள் மூச்சிரைக்க வந்து (அவளுக்கு மூச்சிரைத்ததைக் கண்டு எனக்குச் சிறு ஆறுதல்) ஊசிகளை நட்டு முடித்தபோது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. நெஞ்சில் ஊசி, மணிக்கட்டில் ஊசி, முழங்காலுக்குக் கீழே ஊசி. காற்சட்டை முழங்கால்வரை சுருட்டப்பட்டிருந்தது. அசையவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மணியடிக்கும் கடிகாரத்தைத் திருகி வைத்துவிட்டு அவள் வெளியே சென்றாள்.

கதவுக்கு வெளியே காலடிகள். பிறகு, பிழையாகக் கேட்க வாய்ப்பேயில்லாத அந்தக் குரல்:

"மாஸ்டரைக் காணேல்லையே! அப்ப ஆலோசனை இல்லாமலோ இஞ்ச ஆராய்ச்சி நடக்குது?"

சங்கம் முழுவதும் சிரித்தது. பூமணியும் அவர்களோடு வந்திருந்தாள். அவளுடைய சிரிப்பும் தனியாகக் கேட்டது.

படுத்தபடியே நான் சிந்தித்தேன். தர்க்கரீதியாகச் சிந்தித்தேன் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். வரவேற்புரைக்குச் சில நிமிடங்கள் போதும். கடிகாரம் அடிப்பதற்குள் திரும்பி வந்து படுத்துவிடலாம். ஊசிகளோடு சட்டைப் பொத்தான்களைப் பூட்ட முடியாதுதான். ஆனால் செய்முறை நடக்கப்போவதோ இருட்டறையில். கும்மிருட்டில் என் பொத்தான்களை எவர் எண்ணப்போகிறார்? அன்று வரை நான் எழுதிய எந்தச் சமன்பாடும் இவ்வளவு அழகாகச் சமப்பட்டதில்லை.

எழுந்தேன். சட்டையைத் தோளில் போட்டுக் கைகளை நுழைத்தேன். கழுத்துப்பட்டி இல்லாமல் வரவேற்புரை ஆற்றுவது என் வழக்கமன்று. முன்புறம் ஊசிகள் நின்றபடியால் அதைக் கழுத்தில் கட்டி முதுகுப்புறமாகத் தொங்கவிட்டேன். இந்தக் கோலத்தில் நடைவழியைக் கடக்கையில், பொதி கொண்டுவந்த ஒருவர் எதிர்ப்பட்டார். "பொஞ்சூர்" என்று சொல்லிவிட்டுத் தன்பாட்டில் போனார். இந்நகரத்தில் நான் பெரிதும் மதிப்பது இந்தப் பண்பைத்தான்.

இருட்டறையின் கறுப்புத் திரையை விலக்கி நுழைந்தபோது விளக்கு அப்போதுதான் அணைந்திருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த சங்கத்தவர் கிசுகிசுத்துக்கொண்டு நின்றார்கள். நான் சுவரோரமாக நின்று தொண்டையைச் செருமினேன்.

"அன்பார்ந்த சங்கத்து உறுப்பினர்களே!"

"அப்பாவோ?" என்றது சுகந்தியின் குரல். "எங்க நிண்டனீங்கள் இவ்வளவு நேரமும்? கண்ணாடியைப் போடுங்கோ. அதிலேயே நில்லுங்கோ."

கை நீட்டி ஒரு கண்ணாடியைப் பெற்று மாட்டிக்கொண்டேன். எதையும் விளங்கப்படுத்தக் கூடாது என்ற அவளது கட்டளை எனக்கு நினைவிருந்தது. ஆயினும் இருட்டு ஓர் ஆசிரியனுக்குத் தரும் துணிவு சாதாரணமானதன்று. படிகத்தின் அளவு குறையக் குறைய நிறம் நீலத்தை நோக்கி நகரும், அளவு கூடக்கூடச் சிவப்பை நோக்கி நகரும் என்று வகுப்பறைக் குரலில் முழங்கினேன்.

"ஒரே மாவில சின்ன வடை சுட்டால் நீலம், பெரிய வடை சுட்டால் சிவப்பு" என்று பூமணி பக்கத்திலிருந்தவர்களுக்கு மொழிபெயர்த்தாள். அவளுடைய விளக்கம்தான் எல்லோருக்கும் விளங்கியது.

சுகந்தி புற ஊதா விளக்கைப் போட்டாள்.

மேசையில் வரிசையாக இருந்த சிறு குப்பிகள் ஒருங்கே உயிர்பெற்றன. நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. என் மகளின் கையால் விளைந்த ஒளி. என் கண்கள் கலங்கின. அந்த ஒரு கணம் நான் ஆலோசகர் வேடத்தையும் மறந்து வெறும் தகப்பனாக நின்றேன். சங்கத்தவரிடமிருந்து "ஆ" என்ற வியப்பொலி எழுந்தது. அது அடங்கவில்லை, மேலும் மேலும் வளர்ந்தது. அப்போதுதான், எவரும் குப்பிகளைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

"பிள்ளை," என்றார் சிவபாதம் மெதுவாக, "அந்தச் சுவரோட ஒரு பெரிய போத்தில் நிக்குதே, அது என்ன?"

குனிந்து பார்த்தேன். என் நெஞ்சு மினுங்கிக்கொண்டிருந்தது. தொப்புளிலிருந்து கழுத்தெலும்புவரை, பூமணியின் கைவிரல்கள் போன தடமெல்லாம், மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் நெஞ்சு முழுவதும் சுடர்விட்டது. எலோடி துடைத்த இடங்கள் மட்டும் கறுத்த வட்டங்களாக இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஊசி. சலவைத்தூளின் புண்ணியத்தால் சட்டை இரு புறமும் நீலவெள்ளையாகப் பளபளத்தது. புள்ளிமான் ஒன்று சட்டை போட்டுக்கொண்டு பின்னங்கால்களில் நின்றாற்போல் இருந்தேன் என்று பிற்பாடு கேள்வி.

"மாஸ்டர்," என்று சிவபாதம் தொடர்ந்தார், "பெரிசெண்டால் சிவப்பெண்டல்லோ சொன்னனீங்கள்? நீங்கள் பச்சையா எல்லோ மினுங்கிறீங்கள்?"

சுகந்தி முதலில் விஞ்ஞானி, பிறகுதான் மகள். ஒளியின் நிறத்தை அளக்கும் கருவியின் முனையை எடுத்துவந்து, "அசையாதேங்கோ" என்று சொல்லி என் நெஞ்சருகே பிடித்தாள். கருவியின் கணினித் திரையில் ஒரு மேடு எழுந்தது. "இது எங்கட படிகம் இல்லை. எங்கட கோடு ஒடுக்கமா, கூரா வரும். இது நல்லா அகண்டு கிடக்கு." பின்பு மோந்து பார்த்தாள். "அப்பா, இது மஞ்சள்!"

மஞ்சளின் நிறப்பொருள் புற ஊதா ஒளியில் மினுங்கும். இதை நான் கற்பித்திருக்கிறேன். இதைப் பற்றி வினாவும் தயாரித்திருக்கிறேன். என் சொந்த நெஞ்சைப் பற்றி மட்டும் சிந்திக்கத் தவறிவிட்டேன்.

அந்நேரம் வாசலின் கறுப்புத் திரை விலகியது. அடித்துக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி எலோடி நின்றாள். "மெஸ்யூ! உங்கள் ஊசிகள்!" என்று பதறினாள். எங்கள் பேஷண்ட் ஒருவரைக் காணவில்லை என்று தேடிவந்ததாகச் சுகந்தியிடம் சொன்னாள். அந்தச் சொல்லை எவரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"பேஷண்டோ?" என்றார் சிவபாதம்.

சுகந்தி எலோடியிடம் என் நெஞ்சைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். எலோடி கைகூப்பாத குறையாகப் பதில் சொன்னாள். சுகந்தி என் பக்கம் திரும்பினாள். "என்னப்பா, இது ஏதோ மதச் சடங்காம். தாங்கள் அதை மதிச்சு ஒண்டும் கேக்கேல்லையாம்."

"எந்தக் கோயில் நேர்த்தி, மாஸ்டர்?" சிவபாதம் கோயில் பரிபாலன சபையிலும் இருந்தவர். "நெஞ்சில மஞ்சள் பூசிற நேர்த்தி நான் கேள்விப்படேல்லையே."

நான் ஏதாவது ஒரு கோயிலை நினைவுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தேன். அதற்குள் பூமணி முந்திக்கொண்டாள்.

"நேர்த்தியோ? நான்தான் பூசிவிட்டனான், சளிக்கு! விடிய விடிய இருமிக்கொண்டு கிடந்த மனிசன். இப்ப பாருங்கோ, எவ்வளவு வடிவா மூச்சு விடுறார்!"

நான் நோயாளி என்பதையும், ஆய்வின் நிபந்தனையை மீறியவன் என்பதையும், சமயத்தின் பெயரால் ஒரு பெண்பிள்ளையை ஏய்த்தவன் என்பதையும் ஒரே மூச்சில் அவள் நிறுவிவிட்டாள். அதுவும் பெருமையோடு.

சிவபாதம் சிரித்தார். தலையைப் பின்னுக்குச் சரித்து, வாயை அகலத் திறந்து, தலைவர் பதவி கைக்கு வந்துவிட்டவரின் சிரிப்பைச் சிரித்தார். புற ஊதா விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அவரருகே சிரித்துக்கொண்டு நின்ற சுகந்தியின் பற்கள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தன. சிவபாதத்தின் வாயோ ஒரு குகைபோல் கன்னங்கரேலென்று இருந்தது.

"சிவபாதம்," என்றேன் நான், உண்மையான அக்கறையோடு, "உம்மட பல்லெல்லாம் எங்க?"

சுகந்திக்குச் சூதுவாது தெரியாது. "சொந்தப் பல்லெண்டால் மினுங்கும், மாமா" என்று விளக்கினாள். "கட்டின பல்லு கனபேருக்கு மினுங்காது. அதுதான் கறுப்பாத் தெரியுது."

அடுத்த கணம் சிவபாதத்தின் வாய் மூடிக்கொண்டது. அவருடையது மட்டுமன்று. இருட்டில் அங்குமிங்குமாகச் சங்கத்தின் பெரும்பாலான வாய்கள் சத்தமின்றி மூடின. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. எஞ்சியது பூமணியின் சிரிப்பு மட்டுமே. அவளுக்கு எல்லாம் சொந்தப் பல்.

ஆய்விலிருந்து என்னை மிக நாகரிகமாக விலக்கினார்கள். எலோடியிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவள் பூமணியிடம் மஞ்சள் எங்கே வாங்குவது என்று கேட்டாள். பின்னர், எனக்குப் போட்டது குத்தாத மொட்டை ஊசி என்று தெரியவந்தது. அது பற்றிப் பூமணி கூறியவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரேயொரு மனிதனை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று நான் எடுத்துரைத்தேன். "மூச்சு வருதோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ" என்றாள். வருகிறது. அதுதான் தொல்லை.

அடுத்த ஞாயிறு சிவபாதம் தலைவரானார். பதவியேற்றதும் அவர் செய்த முதல் காரியம், எனக்காகவே 'ஆலோசகர்' என்றொரு பதவியை உருவாக்கியதுதான். அதற்கு எந்தக் கடமையும் இல்லை. ஏகமனதாக நிறைவேறியது. முன்பு நீட்டித் தைத்திருந்த சட்டை இப்போது எனக்கு அளவாக இருக்கிறது. அன்றிலிருந்து அவர் என் நெஞ்சைப் பற்றிச் சங்கத்தில் பேசுவதில்லை. நான் அவர் பற்களைப் பற்றி எங்கும் சொல்வதில்லை. (எழுதுவது சொல்வதாகாது.)

வீட்டில் இத்தகைய உடன்படிக்கை எதுவும் இல்லை. குளிர்காலத்தில் உறைமழை பெய்து மின்கம்பிகள் அறுந்து லொங்குய்யில் வீடெல்லாம் இருண்டுபோகும் மாலைகளில், எவரும் மெழுகுதிரியைத் தேடி ஓடுவதில்லை. சுகந்தியின் மகள் ஆரணி இருட்டில் தடவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் அமர்வாள். "அம்மப்பா, சேர்ட்டைக் கழட்டுங்கோ. எனக்கு ஹோம்வேர்க் கிடக்கு" என்பாள்.

மஞ்சள் தானாக மினுங்குவதில்லை, வெளியிலிருந்து புற ஊதா ஒளி பட்டால் மட்டுமே மினுங்கும், இருட்டில் தானாகவே ஒளிர்பவை வேறு வகைப் பொருள்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளங்கப்படுத்துகிறேன். எவரும் கேட்பதில்லை. சென்ற மார்கழியிலும் அப்படித்தான் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். மெழுகுதிரிகள் இருக்கும் இழுப்பறையைப் பூமணி திறக்கும் சத்தம் கேட்டது. சுகந்தி ஆய்வுகூடத்துத் தேவைக்காக வாங்கிய சிறு புற ஊதா டோர்ச் ஒன்று எங்கள் வீட்டில் அங்கேதான் இருக்கிறது.

"கதைச்சது காணும்" என்றாள் பூமணி. "காலமை பூசினது இன்னும் கிடக்குதோ பாப்பம். இஞ்சால திரும்புங்கோ."

நான் துணை அதிபராக இருந்தவன். என் கௌரவத்தைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவன். எனினும், செய்முறை காட்டாமல் ஒரு பாடத்தையும் நான் முடித்ததில்லை. கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, முதற் பொத்தானை நானே கழற்றினேன்.